பதினேழாம் பக்கம்

ஜூன் 4

அண்ணா,

தொலைபேசியில் கூப்பிட்டால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஐந்து மாதம் பேசாமல் இருந்துவிட்டு, காரியம் ஆகவேண்டியிருக்கும்போது மட்டும் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உண்மைதான்.

டிசம்பரில் நீ டைப் அடித்துக் கொடுத்த என் கணிதக் கட்டுரையின் கார்பன் பிரதி உன்னிடம் இருக்கும். நீதிமன்றத்தில் டைப் அடிக்கிறவன் நீ, பிரதி எடுக்காமல் ஒரு தாளையும் வெளியே விடமாட்டாய். மூலத்தில் பென்சிலால் என்ன குறித்தாயோ அதையே பிரதியிலும் குறித்து வைப்பாய் என்பதும் தெரியும். அந்தப் பிரதி எனக்கு வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பு.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சரிபார்ப்பு.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


ஜூன் 11

கட்டெறும்புக்கு,

உன் கடிதத்தைச் சம்மன் என்று நினைத்து இரண்டு முறை படித்தேன். கீழே 'தங்கை' என்று போட்டிருந்ததால் பிழைத்தேன், இல்லாவிட்டால் வக்கீல் வைத்திருப்பேன்.

பிரதி இருக்கிறது. இரும்பு அலமாரி, மேல் தட்டு. அதற்கு மேலே இன்னொரு தாள் இருக்கிறது. பதினோரு வயதில் நீ பத்திரிகைப் புதிருக்கு எழுதிய விடை. உன் கையெழுத்தை அந்த ஆசிரியர் பார்த்திருந்தால் கோழி கிளறியிருக்கிறது என்று தூக்கிப் போட்டிருப்பார். அதனால் மதிய இடைவேளையில், தலைமை எழுத்தர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே நான் அடித்தேன். அதில் ஓரிடத்தில் 'இது தெளிவு' என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெளிவாக இல்லை. சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் "எல்லாருக்கும் தெரியுமே ஐயா" என்றால் எங்கள் நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "யார் பார்த்தது?" அதை ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். நீ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு அந்த ஒரு வரியை ஆறு வரியாக்கிக் கொண்டுவந்தாய். பரிசும் வந்தது.

அன்றிலிருந்து பதினைந்து வருடமாக இதுதான் நம் ஏற்பாடு. பத்தொன்பது வயதில் உன்னைப் பெரிய இடத்தில் சேர்த்த கட்டுரை, பிறகு ஊர் மாற்றி ஊர், அறை மாற்றி அறை என்று தற்காலிக வேலைகளில் இருந்து எழுதியவை, எல்லாம் என் பென்சிலைத் தாண்டித்தான் போயின. எனக்கு ஒரு வரியும் புரிந்ததில்லை. புரியாததால்தான் கேட்டேன்.

இப்போது ஜனவரிக்கு வருகிறேன். உன் துறைத் தலைவரின் அறை, உன் சக ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர். இதழுக்குக் கட்டுரை போகும் நாள் என்று என்னையும் வரச் சொன்னாய். புதுச் சட்டையோடு வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார், என் எழுத்தைப் பார்த்தார், சிரித்தார். "யாரும்மா இந்தக் குறுக்கு விசாரணை?" என்றார். நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது, கேட்டதை அப்படியே அடிப்பதுதான் என் தொழில். "அண்ணனுக்கு இதெல்லாம் புரியாது சார். புரியாத இடத்துல எல்லாம் பென்சிலைத் தூக்கிடுவார்." பிறகு ரப்பரை எடுத்து, அத்தனை பேர் எதிரில், நான் குறித்திருந்த பதினொரு இடத்தையும் அழித்தாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது என் பக்கம் திரும்பி, "டைப் அடிக்கிறவங்க டைப் அடிச்சா போதும்" என்றாய்.

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அந்தச் சட்டையை அதற்கப்புறம் நான் போடவில்லை.

சரிபார்ப்பு என்றால் எதைச் சரிபார்ப்பது? காரணத்தைச் சொல், அனுப்புகிறேன்.

அம்மாவின் முட்டி பரவாயில்லை. அண்ணி உன்னை விசாரித்தாள். அவளுக்கு என் அளவுக்கு ரோஷம் கிடையாது.

அண்ணன்


ஜூன் 17

அண்ணா,

நீ எழுதியது எல்லாம் சரி. ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. மன்னிப்பை இந்தக் கடிதத்தில் கேட்கமாட்டேன். பிரதிக்காகக் கேட்கிறாள் என்று ஆகிவிடும்.

காரணம் இது. பதினேழாம் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். புரியாதவன் என்று ஒருமுறை சொன்ன வாய், அதற்குத் தண்டனையாகவாவது சொல்லட்டும். ஓர் ஊரில் எந்த ஒரு சாலையை மூடினாலும் ஊர் இரண்டாகப் பிரியாது என்று வைத்துக்கொள். அந்த ஊரில் சுற்றிவரும் பஸ்களை விடவேண்டும். ஒவ்வொரு பஸ்ஸும் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும், போன வழியில் மறுபடி போகக் கூடாது. ஒவ்வொரு சாலையிலும் சரியாக இரண்டு பஸ் போக வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. எல்லா ஊர்களிலும் இது முடியுமா என்று யாருக்கும் தெரியாது. ஒரு பெரிய வகை ஊர்களில் முடியும் என்று நான் காட்டியதாக நினைத்தேன்.

என் வழி, ஊரை இரண்டு பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதிக்கும் பஸ் விட்டு, பிறகு ஒட்டுவது. பாதிகளுக்கு நடுவே மூன்று சாலைகள் இருந்தால் ஒட்டலாம், பதினேழாம் பக்கத்தின் மேல் பாதியில் அதை முழுதாக எழுதியிருக்கிறேன். கீழ்ப் பாதியில் 'நான்கு சாலைகள் இருந்தாலும் இதேபோல்தான் என்பது தெளிவு' என்று ஒரே வரி. நான்குக்கு அது பொய். ஒட்டும்போது ஒரே பஸ் ஒரே சாலையில் இரண்டு முறை போய்விடுகிறது. போன வாரம் சொற்பொழிவுக்காகக் கரும்பலகையில் வரைந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

இதழ் கட்டுரையை மே மாதம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஜூலை எட்டாம் தேதி நிரந்தர வேலைக்கான நேர்காணல், முழுக்க இந்தக் கட்டுரையை நம்பித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைவரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, "இதுவரைக்கும் யாரும் கவனிக்கல இல்ல? வேலை கைக்கு வரட்டும். அப்புறம் நிதானமா திருத்திக்கலாம்" என்றார்.

பதினேழாம் பக்கத்தில் இரண்டு குறிகளை அழித்த ஞாபகம் இருக்கிறது. அதில் ஒன்று அந்த வரிக்கு எதிரேயா என்று தெரிந்தாக வேண்டும். மீதி ஒன்பதையும் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் ஏமாந்தவள் இன்னோர் இடத்திலும் ஏமாந்திருப்பேன்.

தங்கை


ஜூன் 22

கட்டெறும்பு,

கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். உன் தலைவர் சொல்வதில் தப்பில்லை என்று எனக்குப் படுகிறது. நான்கு வருடத்தில் ஐந்து அறை மாறிவிட்டாய். ஒவ்வொரு தடவையும் அதே பெட்டி, அதே கயிறு. அம்மா தையல் கடையில் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் ஜூலை எட்டைச் சொல்லிவிட்டாள். ரவிக்கை அளவு கொடுக்க வந்தவள் உன் நேர்காணல் தேதியைத் தெரிந்துகொண்டு போகிறாள். ஒரு மாதம் பொறுத்தால் என்ன? வேலையில் உட்கார்ந்துகொண்டு ஓட்டையை அடை. நீ ஒன்றும் திருடவில்லை.

கேள்வி கேட்டவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். பிரதி என் அலமாரியில் இருக்கிறது. நான் வாயைத் திறக்கமாட்டேன். நேர்காணல் முடியட்டும், அடுத்த தபாலிலேயே அனுப்பிவைக்கிறேன். இதுவரை யாருக்கும் தெரியாது.

அண்ணன்


ஜூன் 27

அண்ணா,

உன் கடிதத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். கடைசி வரிக்கு எதிரே ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், பார். 'எனக்குத் தெரியும்.'

ஜனவரியில் உன்மேல் இருந்த கோபத்தைவிட இது பெரிய கோபம். துறைத் தலைவர் அப்படிச் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் இல்லை, அவருக்குத் துறையில் ஓர் இடம் நிரம்ப வேண்டும். நீ சொல்லலாமா? பதினோரு வயதுப் பெண் ஒரு வரியை விழுங்கினாள் என்பதற்காக இரண்டு நாள் விடாமல் நின்றவன் நீ. அந்தப் பெண் அழுதாள், அப்போதும் நீ விடவில்லை. இப்போது அவளுக்கு வேலை கிடைக்கும் என்றதும் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொள்கிறாயே. நான் அழித்ததாவது ரப்பரால். நீ என்ன செய்யச் சொல்கிறாய் என்று யோசித்துப் பார்.

இன்று காலை இதழுக்கு எழுதிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பதினேழாம் பக்கத்தில் நான் தெளிவு என்று சொன்னது தவறு, எதிர் உதாரணம் இணைத்திருக்கிறேன். தேர்வுக் குழுவுக்கும் அதன் நகல். பிறந்ததிலிருந்து நீ டைப் அடிக்காமல் நான் அனுப்பிய முதல் தாள் இதுதான். கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது, ஆனாலும் படிக்க முடியும்.

நேர்காணலுக்குப் போவேன். என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். அம்மாவிடம் நீயே சொல். இந்த ஓட்டையை அடைக்காமல் நான் வேறு எதையும் தொடப்போவதில்லை.

தங்கை


ஜூலை 3

தங்கச்சிக்கு,

பிரதி இத்துடன். பதினொன்றும் இருக்கின்றன. பதினேழாம் பக்கத்தைத் தேடாதே, மேலேயே வைத்திருக்கிறேன். இரண்டாவது குறி நீ நினைத்த வரிக்கு நேர் எதிரே. அதில் எங்கள் நீதிபதி கேட்பதுபோலவே கொஞ்சம் அதிகமாக எழுதியிருக்கிறேன்: 'மூணுக்குச் சொன்னீங்க. நாலுக்கு யார் பார்த்தது?'

என்னைத் திட்டியது சரிதான். வெட்கமாக இருக்கிறது. அடுத்தவர் வழக்கு என்றால் கேள்வி தானாக வருகிறது, நம் வீட்டுப் பெண் கூண்டில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நீதிமன்றத்தில் இருபது வருடமாக இதைப் பார்க்கிறேன், பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். "கை பொருந்தலைன்னா பிரிச்சுத்தான் தைக்கணும். போட்டுக்கிட்டு வெளிய போனப்புறமா பிரிப்பாங்க?" என்றாள். உடனே, "சாப்பிடறாளாமா?" என்றாள். இரண்டாவது கேள்விக்கு நீயே பதில் எழுது.

அண்ணன்


அக்டோபர் 14

அண்ணா,

வேலை துறையில் என் எதிர் அறைக்காரருக்குப் போனது. நல்ல மனிதர், நான் கிளம்பும்வரை என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டார், நான்தான் பேச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது. குழுவில் ஒரு பெண் பேராசிரியர் மட்டும் எதிர் உதாரணத்தைப் பலகையில் வரையச் சொன்னார். வரைந்தேன். "நீங்களே கண்டுபிடிச்சீங்களா?" என்றார். "ரெண்டாவதா" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் ஒரு வருட வேலை. வாரத்துக்கு இருபத்திரண்டு வகுப்பு. முன் வரிசைப் பையன்கள் லாகரிதத்தைக் கண்டால் தூங்குகிறார்கள், பின் வரிசைக்காரர்கள் அதற்கு முன்பே தூங்கிவிடுகிறார்கள். அறை ஆறாவது. ஜன்னலுக்கு எதிரே பஸ் பணிமனை, தினமும் பஸ் சுற்றுவதைப் பார்க்கவேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சொல்.

உன் பதினொரு குறிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்துக்கு என்னிடம் பதில் இருந்தது, எழுதத்தான் சோம்பல். ஒன்றுக்கு இல்லை. அந்த ஒன்றோடுதான் மூன்று மாதமாக மல்லுக்கட்டுகிறேன். இரண்டு முறை முடிந்துவிட்டது என்று நினைத்தேன், இரண்டு முறையும் மறுநாள் காலையில் இடிந்து விழுந்தது. துறைத் தலைவர் எழுதியிருந்தார், இதை விட்டுவிட்டுச் சின்னதாக ஏதாவது செய், ஊர் மறந்துவிடும் என்று. பதில் போடவில்லை. ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகு அதைச் சுற்றிக்கொண்டு போக என்னால் முடியாது.

ஜனவரிக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். பிரதி கைக்கு வந்துவிட்டது, இனி உன்னிடம் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அத்தனை பேர் எதிரில் உன்னைச் சிறுமைப்படுத்தினேன். அவர் சிரித்ததும் எனக்கு உன்னைப் பார்த்து வெட்கம் வந்தது, அந்த வெட்கத்தை நினைத்துத்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்.

தங்கை


அக்டோபர் 25

கட்டெறும்பு,

சட்டை இறுகிவிட்டது. அண்ணி சமையலைக் குற்றம் சொல்லலாம், சொன்னால் அதுவும் கிடைக்காது. அம்மா இரண்டு பக்கமும் பிரித்துவிட்டுத் தந்தாள். இன்று அதைப் போட்டுக்கொண்டுதான் நீதிமன்றத்துக்குப் போனேன். தலைமை எழுத்தர், "என்ன, பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்றார். இந்த வயதில்.

ஓட்டையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் தெரியாது. மூன்றாவது முறையும் இடிந்தால் எழுது. இடியாவிட்டாலும் எழுது. டைப் இயந்திரத்துக்குப் புது ரிப்பன் வாங்கி வைத்துவிட்டேன், எத்தனை மாதமானாலும் காயாமல் பார்த்துக்கொள்வது என் பாடு.

அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

மூன்றாவது முறையும் இடிந்தது. நான்காவது நிற்கிறது. ஐந்து வாரமாக எல்லாப் பக்கத்திலிருந்தும் உதைத்துப் பார்த்துவிட்டேன், நிற்கிறது.

ஒன்றில் நுழைந்த பஸ் இன்னொன்றில் வெளியேறும்படி நான்கு சாலைகளை இரண்டிரண்டாகச் சேர்க்க மூன்றே வழிதான். இதுவரை நான் ஒவ்வொரு பாதிக்கும் ஏதோ ஒரு வழியைப் பிடித்துவந்து பொருத்தப் பார்த்தேன், பொருந்தவில்லை. பாலிடெக்னிக்கில் ஒரு வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரியச் சொல்லிவிட்டு, யாரோடு யார் என்று அவர்கள் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தோன்றியது, ஒரு பாதிக்கு ஒரே வழிதான் என்று யார் சொன்னது? ஒவ்வொரு பாதிக்கும் மூன்றில் குறைந்தது இரண்டு வழி உண்டு என்று காட்டிவிட்டால் போதும். மூன்றில் இரண்டு இந்தப் பக்கம், மூன்றில் இரண்டு அந்தப் பக்கம். பொதுவாக ஒன்று இருந்தே தீரும். அதில் ஒட்டிவிடலாம். இப்படி இரண்டிரண்டாக இல்லாமல் கலப்பாகச் சேர்கிறவை சில உண்டு, அவற்றுக்கே பன்னிரண்டு பக்கம் ஆகிவிட்டது. ஒரு வகை ஊர்கள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. அவற்றை வெளியே விட்டுவிட்டேன், விட்டதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

பழையது இருபத்தொன்பது பக்கம், இது நாற்பத்தாறு. 'தெளிவு' என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. கையெழுத்துப் படியை அனுப்புகிறேன். எப்போதும்போல் அடி, எப்போதும்போல் கேள். நேர்காணலில் பலகையில் வரையச் சொன்னாரே, அந்தப் பேராசிரியர் முடிந்ததும் முதலில் தனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். அவருடைய ஊரில் ஆகஸ்டில் ஓர் இடம் காலியாகிறதாம். கிடைத்தால் போவேன். கிடைக்காவிட்டால் இந்தப் பையன்களை எழுப்பிக்கொண்டிருப்பேன், இருபது பேரில் நாலு பேர் இப்போது விழித்திருக்கிறார்கள்.

தங்கை


மார்ச் 29

கட்டெறும்பு,

அடித்து முடித்தேன். நாற்பத்தைந்து பக்கம், மூன்று வாரம், மதிய இடைவேளைகள் அத்தனையும். ஒவ்வொரு வரியிலும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நாற்பத்தைந்து பக்கம் வரை எடுக்கவே இல்லை. நான் கேட்க நினைக்கிற இடத்தில் எல்லாம் நீயே ஒரு வரி முன்னால் கேட்டு, நீயே பதிலும் சொல்லியிருக்கிறாய். எனக்கு வேலை போய்விட்டது போல இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அண்ணியிடம் சொன்னேன், "அழறியா?" என்றாள். கண்ணில் கார்பன் தூசி விழுந்துவிட்டது என்றேன், அவள் நம்பவில்லை.

ஆனால் நாற்பத்தாறாம் பக்கத்தை அடிக்கவில்லை. கடைசியில் நன்றி என்று போட்டு, 'முந்தைய நிரூபணத்தில் இருந்த பிழையை முதலில் பார்த்தவர் என் அண்ணன், நீதிமன்றத் தட்டச்சர்' என்று எழுதியிருக்கிறாய். அது நடந்தது அல்ல. நான் பிழையைப் பார்க்கவில்லை. புரியாமல் கேட்டேன், அவ்வளவுதான். பதினொரு இடத்தில் கேட்டேன், பத்து இடத்தில் நீ சரியாகத்தான் இருந்தாய். பார்க்காததைப் பார்த்தேன் என்று என் கையாலேயே எப்படி அடிப்பேன்? இருபது வருடத்தில் அப்படி ஒரு வரி அடித்ததில்லை. அந்த வரிக்கு எதிரே, இந்தக் கட்டுரையின் ஒரே பென்சில் குறியைப் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

'யார் பார்த்தது?'

வரியை மாற்று, அல்லது எடுத்துவிடு. மறு தபாலில் முடித்து அனுப்பிவிடுகிறேன், ஆகஸ்ட் நெருங்குகிறது.

அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணா,

நான் பார்த்தேன்.

அன்றைக்கு அந்த அறையில், பதினேழாம் பக்கத்தின் கீழ்ப் பாதியில், 'நாலுக்கு யார் பார்த்தது?' என்று உன் எழுத்தில் இருந்ததைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் அழித்தேன், பிரதியில் உன் எழுத்தைப் பார்த்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. நேரில் கண்ட சாட்சி நான் ஒருத்திதான், வேறு யாரையும் கூப்பிட வேண்டாம்.

'பார்த்தவர்' உனக்குப் பொய்யாகப் பட்டால் 'கேட்டவர்' என்று மாற்றிக்கொள். வேறு ஓர் எழுத்தையும் தொடாதே. அழிக்கிற வேலையை நான் ஒருமுறை செய்துவிட்டேன், இனி இந்த வீட்டில் யாரும் செய்யக் கூடாது.

வரியை அடித்து அனுப்பு.

தங்கை